எல்.கே.ஜி.யில் படும் கவலை, ஆறாம் வகுப்பில் படாத கவலை

தை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான். எந்தப் பள்ளியில் ஃபார்ம் கொடுக்கிறார்கள், வேன் தெருவுக்குள்ளே வருமா, முக்கில்தான் நிற்குமா, எங்கே அப்பா அம்மாவையும் உட்காரவைத்து இன்டர்வியூ எடுக்கிறார்கள். (பிள்ளையையோ பெற்றோரையோ அப்படிச் சோதித்துச் சேர்ப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘சும்மா ஒரு இன்டராக்‌ஷன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.) பக்கத்து வீட்டுக்காரர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். போன வருடம் மூன்று பள்ளிகளின் கட்டணச் சீட்டைத் திண்ணையில் பரப்பிவைத்து, பேனா எடுத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். சின்னவளுக்கு எல்.கே.ஜி. மூத்தவன் அதே வருடம்தான் ஐந்தாவது முடித்தான். அவனை எங்கே சேர்ப்பது என்று அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. படிக்கிற பள்ளியிலேயே ஆறாவது இருக்கிறது, தொடர்ந்தான், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்ற முடிவை எடுக்கவேண்டிய வாசல் அந்த ஆறாம் வகுப்புதான் என்பது என் கணிப்பு. எல்.கே.ஜி. வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. ஆறாம் வகுப்பு வாசலில் யாரையும் காணோம்.

கூட்டம் ஏன் அங்கே? காரணம் ரொம்ப எளிது. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே கதவைத் திறந்துவைக்கிறது, அரசுப் பள்ளி ஐந்து வயதில்தான். இடையில் இருக்கும் அங்கன்வாடியைப் பெற்றோர்கள் பள்ளிக்கூடமாகப் பார்ப்பதில்லை. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது என்றுதான் அதை நினைக்கிறார்கள், துறையும் வேறு துறைதான். இரண்டு வருடம் யூனிஃபார்ம் போட்டு, ரைம்ஸ் சொல்லி, தோழர்களோடு பழகிவிட்ட பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நட யாருக்கு மனம் வரும்? இந்த ஓட்டையை அரசும் கவனிக்காமல் இல்லை. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அரசுப் பள்ளிகள் மட்டும் 37 ஆயிரத்துக்கும் மேல் இருக்கிற மாநிலத்தில் அது எத்தனை வீடுகளுக்கு எட்டும்? ஒன்றாம் வகுப்பு வாத்தியார்கள் மேளம் வைத்து, துண்டறிக்கை கொடுத்து, மாலை போட்டுப் பிள்ளைகளை வரவேற்கும் நேரத்தில், வரவேண்டிய பிள்ளைகளில் பாதிப்பேர் ஏற்கெனவே வேனில் ஏறிவிட்டிருப்பார்கள்.

சரி, தொடக்கப் பள்ளியில் என்னதான் வித்தியாசம்? கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊராட்சியில் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இது அந்த ஊரின் துரதிர்ஷ்டம் என்று நினைக்கவேண்டாம்; சட்டக் கணக்கே அதுதான். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், 61ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாமவர். ஒன்று முதல் மூன்று வரை ஒரு டீச்சர் பார்க்கிறார். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின்படி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, தரையில் வட்டமாக உட்காரவைத்திருக்கிறார். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் பொறுப்பு. அன்றைக்கு அவர் வட்டார வள மையத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆக ஐந்து வகுப்பும் அந்த ஒரு டீச்சர் தலையில். அவர் கையில் செல்போன். மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் ‘எமிஸ்’ தளத்தில் வருகைப் பதிவு ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கரும்பலகையில் இருந்த கதையை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு, “நரி ஏன் டீச்சர் பொய் சொல்லுச்சு?” என்று கேட்டாள்.

இன்னொரு காட்சி, என் வீட்டு வாசலில். ஒர்க்‌ஷாப்காரரின் மூத்த பையன் அப்போது மூன்றாம் வகுப்பு. தொட்டால் ஒட்டும் வழவழப்பான புத்தகம், ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சி பற்றிய பாடம். கடகடவென்று வாசித்தான். பக்கத்தில் பென்சிலால் அடைப்புக்குறிகள்: இங்கிருந்து இதுவரை முதல் கேள்விக்கு ஆன்சர், இதிலிருந்து அதுவரை இரண்டாவது. மிஸ் போட்டுக்கொடுத்தது. கேள்வியைக் கேட்டால் அடைப்புக்குறிக்குள் இருப்பதை அப்படியே ஒப்பித்தான். பூச்சி எதிலிருந்து வந்தது என்று தமிழில் கேட்டேன். “அது சிலபஸ்ல இல்ல மாமா” என்றான்.

இந்த இரண்டு பிள்ளைகளை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. அரசுப் பள்ளியில் ஐந்தாவது வந்தும் எழுத்துக்கூட்டும் பிள்ளைகள் உண்டு, அழகாகக் கற்றுத்தரும் மெட்ரிக் பள்ளி டீச்சர்களும் உண்டு. இந்த மாதிரி அவரவர் பார்த்த கதைகளைத் தாண்டி, முறையாக அளந்து பார்த்த ஆய்வு ஒன்று பக்கத்து மாநிலத்தில் நடந்திருக்கிறது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பழைய ஆந்திராவில் 180 கிராமங்களில் அதை நடத்தினார்கள். தனியார் பள்ளிக்குப் போக விரும்பி விண்ணப்பித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்குக் குலுக்கலில், தனியார் பள்ளிக் கட்டணத்தை ஈடுகட்டும் உதவிச் சீட்டு (வவுச்சர்) கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால், இரு பக்கத்துக் குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. தனியார் பள்ளிகள் அந்த இரண்டு பாடங்களுக்கும் குறைவான நேரமே ஒதுக்கியிருந்தன. மிச்ச நேரத்தில் ஹிந்தி உள்பட மற்றவற்றைச் சொல்லிக்கொடுத்தன, ஹிந்தியில் அந்தப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். இன்னொன்று: ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளி செய்த செலவு, அரசு செய்த செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அரசுப் பள்ளிக்காகப் பேசுகிறவர்கள் ‘வித்தியாசமே இல்லை’ என்ற பாதியை மேற்கோள் காட்டுவார்கள். மற்றவர்கள் ‘மூன்றில் ஒரு பங்கு செலவு’ என்ற பாதியை எடுத்துக்கொள்வார்கள். பெற்றோருக்கு வேண்டியது வேறு விஷயம். குடும்பப் பின்னணியைச் சமன் செய்துவிட்டால் மொழி, கணக்கு என்ற அடிப்படையில் கட்டணத்துக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. தனியார் பள்ளியின் செலவு குறைவதற்கு முக்கியமான காரணம் ஆசிரியர் சம்பளம். சம்பளம் குறைவு என்றால் அடுத்த பள்ளி கொஞ்சம் கூடக் கொடுத்தால் போய்விடுவார்கள். நடுவருடத்தில் மிஸ் மாறிவிட்டார் என்று பிள்ளைகள் அழுவதைப் பார்க்காத வீடு இருக்கிறதா?

அப்படியானால் கட்டணம் எதற்குப் போகிறது? நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை. ஆங்கிலம் காதில் விழவேண்டும் என்பது ஒன்று. இத்தனைக்கும் அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 வாக்கில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. வேன், டை, டைரி என்கிற ஒழுங்கு இன்னொன்று. வேலைக்குப் போகிற தாய்க்கு அந்த வேன் ஆடம்பரம் கிடையாது. மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: “அங்க சேர்க்கை சரியில்ல.” யாரோடு உட்கார்ந்து படிக்கிறான் என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். அதற்குள்ளே காசு இருக்கிறது, பல ஊர்களில் சாதியும் இருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதி, பிள்ளைகளைப் பிரித்துவைக்கும் அந்தச் சுவருக்குக் கட்டும் வாடகை என்றே நினைக்கிறேன்.

அந்த வாடகை எவ்வளவு என்று ஒருமுறையாவது முழுதாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை 14 வருடம். கட்டணம், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடம் 40,000 என்று வைத்துக்கொண்டால், விலைவாசி ஏறவே இல்லை என்றாலும் ஒரு பிள்ளைக்கு 5,60,000. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தொகை. அந்தத் தொகை என்ன என்று அலுவலகத்தில் கேளுங்கள். நாங்கள் என் பெண்ணைச் சேர்த்தபோது கேட்டோம். காட்டினார்கள், நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ‘ஆக்டிவிட்டி’, ஆண்டு விழா என்று வெள்ளைத் தாளில் தனிப் பட்டியல் வந்தது. அதற்கு ரசீது கேட்டதும் முகம் மாறிவிட்டது.

போகிற போக்கில் சுவரையும் பாருங்கள், நிஜச் சுவரை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2012இல் சென்னைக்குப் பக்கத்தில் பள்ளி வாகனத்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. கட்டட உறுதி, தீயணைப்புத் துறை, சுகாதாரம் என்று சான்றுகள் இல்லாமல் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க முடியாது. தலைமையாசிரியர் அறையில் அங்கீகார ஆணை மாட்டியிருக்கிறதா, அதில் எந்த வருடம் வரை போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் பார்க்கவேண்டியது கழிப்பறை: பூட்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சுத்தம் செய்ய ஆள் வருகிறாரா.

காசு இல்லாமல் தனியார் பள்ளியில் நுழைய ஒரு வழி இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் கொடுக்கவேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதம் முழுக் கட்டணமும் திடீரென்று உங்கள் கையில். எல்.கே.ஜி.யில் குலுக்கலில் பெயர் வந்த சந்தோஷத்தில் பத்து வருடத்துக்குப் பிந்தைய அந்த ஜூனை யாரும் யோசிப்பதில்லை.

இனி ஆறாம் வகுப்புக்கு வருகிறேன்.

தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று பார்த்தோமே, அந்தக் கணக்கு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் மாறிவிடுகிறது. அங்கே ஆறாவதிலிருந்தே பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். கணக்குக்குக் கணக்குப் படித்தவர், அறிவியலுக்கு அறிவியல் படித்தவர். பெரும்பாலோர் தேர்வு எழுதி, பி.எட். முடித்து, நிரந்தர வேலையில் இருப்பவர்கள். சின்ன ஊர் மெட்ரிக் பள்ளியில் இதற்கு ஈடான ஆளைப் பிடிப்பது கஷ்டம். அரசுப் பள்ளி பலவீனமாக இருப்பது முதல் ஐந்து வகுப்பில், வலுவாக இருப்பது அதற்கு மேலே. பெற்றோர்களில் பலர் அந்த முதல் ஐந்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, மேலே எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதற்கு மேல் 2020இல் ஒரு புது விஷயம் சேர்ந்தது. நீட் வந்தபிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ண வேண்டிய நிலை. மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீட்டை நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது, அரசு 7.5 சதவீதமாகச் சட்டம் கொண்டுவந்தது. முதல் வருடமே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அதே 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள்.

இதில் ஒரு வரியைப் பலர் கடைசியில்தான் படிக்கிறார்கள். தகுதி யாருக்கு? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பத்தாவது வரை தனியார் பள்ளியில் படிக்கவைத்து, கட்டணம் தாங்காமல் பதினொன்றாவதில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அந்தப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. ஏழாவதில் மாற்றினாலும் கிடையாது. நான் மேலே சொன்ன 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத் துறைப் பள்ளிகளெல்லாம் கணக்கில் சேரும்.

அரசு உதவிபெறும் பள்ளி சேராது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேல் இப்படிப்பட்ட பள்ளிகள். கிறிஸ்தவ மிஷன்களும் ஊர்ப் பெரியவர்களும் தொடங்கியவை, பல ஊர்களில் நூறு வயதைத் தாண்டியவை. ஆசிரியருக்கு அரசுச் சம்பளம், மதியம் அரசுச் சத்துணவு, அரசுப் பாடநூல். பேச்சுவழக்கில் அதுவும் ‘கவர்மென்ட் ஸ்கூல்’தான். ஆனால் 7.5 சதவீதத்தில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. போதாததற்குப் பல உதவிபெறும் பள்ளிகளில் அதே கேட்டுக்குள்ளே, அதே யூனிஃபார்மில், சுயநிதிப் பிரிவு ஒன்று கட்டணம் வாங்கிக்கொண்டு நடக்கிறது. எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் (2022) ஆறு முதல் பிளஸ் டூ வரை என்ற அதே கணக்கில்தான் பிறந்தது. அதில் மட்டும், பிற்பாடு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பையன்களுக்கு அதே மாதிரி 2024இலிருந்து ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம். சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் நீங்கள் அறிந்ததே.

இதையெல்லாம் சொன்னதும் “அப்ப ஆறாவதுல கண்ணை மூடிக்கிட்டு மாத்திடலாமா?” என்று ஒர்க்‌ஷாப்காரர் கேட்டார். கண்ணைத் திறந்துகொண்டு மாற்றவேண்டும். ஒதுக்கீட்டிலும் நீட் எழுதித் தேறவேண்டும். இடங்கள் நூற்றுக்கணக்கில், போட்டியிடுபவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த ஒன்றுக்காக மட்டும் பள்ளியை மாற்றுவது லாட்டரி வாங்குகிற மாதிரி. மாற்ற நினைக்கும் பள்ளியில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரிக்கவேண்டும். பணியிடம் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு. மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம், காலியிடத்தில் தற்காலிக ஆசிரியர் இருக்கலாம். இதைத் தலைமையாசிரியரிடம் கேட்பதைவிட அங்கே ஒன்பதாவது படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் உண்மை தெரியும். ஆங்கில வழியிலிருந்து வரும் பிள்ளைக்கு அங்கே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையென்றால் முதல் ஆறு மாதம் ‘பின்னம்’, ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொற்களிலேயே போய்விடும்.

எல்லாப் பிள்ளைக்கும் மாற்றம் ஒத்துவராது. கற்றலில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை, நல்ல டீச்சர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு முன்னேறும் பிள்ளை, அடிக்கடி ஊர் மாறும் வேலையில் இருப்பவர்களின் பிள்ளை — இவர்கள் இருக்கும் இடமே நல்லது. வசதி இருந்து, பள்ளியும் உண்மையிலேயே நன்றாக இருந்தால் தொடரட்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு வருத்தமெல்லாம் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களைப் பற்றி. நகையை வைத்து எட்டாவது, ஒன்பதாவது கட்டணம் கட்டி, பத்தாவதோடு மூச்சு வாங்கி நிற்பார்கள். அந்த நான்கைந்து வருடம்தான் அரசுப் பள்ளி வலுவாகவும் சலுகையோடும் இருக்கும் காலம்.

பதினொன்றாம் வகுப்புக்காகவே நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண்ணுக்காகப் பதினொன்றாவது பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததால்தான் அந்த ரகப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26லிருந்து அது இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது உண்மை. பழைய பழக்கம் திரும்பிவராது என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. சேர்க்கும்போதே ‘பிளஸ் ஒன் புத்தகம் முழுதும் நடத்துவீர்களா’ என்று கேளுங்கள். நீட், ஜேஇஇ இரண்டுக்கும் பாதிப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்காரரின் சின்னவள் இப்போது வேனில்தான் போகிறாள். மூத்தவன் ஆறாவது முடிக்கப்போகிறான், 7.5 சதவீத ரயில் அவனை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் அவர் ஒருநாள் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். டி.சி. தாமதமாகிறது என்பதைச் சாக்காகச் சொல்லி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தப் பேச்சே வரவில்லையாம். “எமிஸ் நம்பர் என்னன்னுதான் முதல்ல கேட்டாங்க. அப்புறம், தங்கச்சி இருக்காளா, எத்தனாவது படிக்கிறான்னு கேட்டாங்க” என்றார்.